வீண்போகாத வீடு

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் செல்லும் பெருவழியில் நேயர்களில் பலர் பயணம் செய்திருப்பீர்கள். மல்லூரைத் தாண்டியதும் இருபுறமும் சமவெளி விரிகிறது. இடையிடையே மொட்டைக் கரடுகள் தலைதூக்கி நிற்கின்றன. மரவள்ளிக் காடுகளையும் சோளக் காடுகளையும் கோழிப் பண்ணைகளையும் பார்த்துக்கொண்டே செல்லும் பயணி, ஓடைகளைக் கடக்கும் இடங்களில் மற்றொரு காட்சியையும் காண்பான். ஓடைக்கரையில் குவியல் குவியலாக உடைந்த செங்கல், பெயர்த்த பூச்சு, தரை ஓட்டுத் துண்டுகள், மூட்டையோடு இறுகிப்போன சிமெண்ட், துருவேறிய துண்டுக் கம்பிகள் ஆகியவை கிடக்கும். யாரோ பழைய வீட்டை இடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு நாம் போய்விடுகிறோம். சற்று அருகே சென்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அந்தக் குவியலில் ஒரு பகுதி, யாரும் ஒருநாள்கூடக் குடியிராத புது வீட்டிலிருந்து வந்தது. கட்டி முடிப்பதற்கு முன்பே குப்பையாகிவிட்ட பொருள் அது.

கட்டட வேலையிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். அந்தப் புதுக் குவியல் எங்கே பிறக்கிறது என்ற கேள்வி என்னை நெடுநாள் உறுத்தியிருக்கிறது. கொத்தனாரின் கவனக்குறைவால் கொஞ்சம் வீணாவது உண்மைதான். வண்டியிலிருந்து இறக்கும்போது சில செங்கல் உடையும். மழையில் சில மூட்டை நனையும். ஆனால், நான் கண்டவரையில் பெருங்குவியல் பிறக்கும் இடம் வேறு. அது வரைபடத்தில் பிறக்கிறது. கடைக்கால் தோண்டுமுன் எடுக்க வேண்டிய முடிவுகளை எடுக்காமல் விட்டுவிட்டு, சுவர் எழும்பிய பிறகு எடுக்கிறோமே, அப்போது பிறக்கிறது. வீட்டைக் கட்டிப் பார் என்று நம் முன்னோர் சொன்னார்கள். கட்டிப் பார்ப்பதற்கு முன் காகிதத்தில் ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டால் பாதித் தொல்லை தீரும் என்பதே இன்று நான் சொல்ல விரும்புவது.

முதலில் ஒரு பழைய வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். என் பாட்டனாரின் வீடு மண்சுவரும் நாட்டு ஓடும் கொண்டது. முன்பக்கத்தில் மட்டும் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் வைத்துக் கட்டியிருந்தார்கள். நான் சிறுவனாக இருந்தபோது அதைப் பிரித்தார்கள். ‘இடித்தார்கள்’ என்று அப்போது யாரும் சொல்லவில்லை; ‘பிரித்தார்கள்’ என்றே சொன்னார்கள். அந்தச் சொல்லே ஒரு பாடம் அல்லவா? ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி அடுக்கினார்கள். கைமரங்களும் விட்டங்களும் இரண்டு உறவினர் வீடுகளுக்குப் போயின. செங்கல்லைக் கரண்டியால் தட்டியதும் காரை உதிர்ந்தது. கல் முழுதாகக் கையில் வந்தது. சுவர் மண்ணை வண்டியில் ஏற்றிக் காட்டில் கொட்டிப் பரப்பினார்கள். அடுத்த ஆண்டு அங்கே சோளம் விளைந்தது. மூன்று தலைமுறை வாழ்ந்த வீடு, ஒரு கூடை குப்பைகூட விடாமல் போயிற்று.

அந்த வீட்டைக் கட்டியவர் கல்லூரியில் படித்தவர் அல்லர். ஆயினும், எந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது, அது பின்னால் எங்கே போகும் என்பதை அறிந்து கட்டினார். இன்று நாம் சிமெண்ட்டுக் கலவையில் செங்கல்லை வைக்கிறோம். வலிமை கூடுகிறது, ஐயமில்லை. ஆனால், அந்தச் சுவரை உடைத்தால் கலவை விடாது, கல்தான் உடையும். ஆகவே, நம் வீட்டில் ஒரு சுவரைத் தவறான இடத்தில் எழுப்பிவிட்டால் அதன் விலை பாட்டனார் காலத்து விலை அன்று. அவர் தவறு செய்தால் கூலி மட்டும் நஷ்டம். நமக்குக் கூலியும் பொருளும் சேர்ந்து நஷ்டம். அதற்கு மேல் குப்பையை அகற்றும் வண்டிக் கூலி வேறு.

இனி, நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிட்டு மேலே செல்வதே நேர்மை. 1998ஆம் ஆண்டு நாமக்கல்லுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், லாரி ஓட்டும் ஒருவர் வீடு கட்ட என்னிடம் வந்தார். கூடம், இரண்டு அறை, சமையலறை, குளியலறை. இத்தகைய வீடுகள் பல வரைந்திருந்தேன். அதனால் பழைய வரைபடம் ஒன்றையே சிறிது மாற்றி, ஒரே மாலையில் கொடுத்துவிட்டேன். எத்தனை அறை வேண்டும் என்று கேட்டேனேயன்றி, அவரிடம் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. அவருடைய தாத்தா வீட்டுத் தேக்கு நிலை ஒன்று மாட்டுக் கொட்டகையில் பத்திரமாக இருந்தது. அதைத் தலைவாசலில் வைக்க வேண்டும் என்பது குடும்பத்தாரின் நெடுநாள் ஆசை. சுவர் ஏழடி எழும்பி, லிண்டல் கான்கிரீட்டும் போட்ட பிறகே அது எனக்குத் தெரிந்தது. நான் விட்டிருந்த வாசல் மூன்றரை அடி. நிலையின் அகலம் நாலேகால் அடி. லிண்டலையும் ஒரு பக்கச் சுவரையும் உடைத்தோம். பிறகு மாடிப்படி வந்தது. பின்னாளில் மேலே ஓர் அறை எடுக்கும் எண்ணம் அவருக்கு இருந்தது. படிக்கு நான் இடமே விடவில்லை. குளியலறைச் சுவரை உடைத்துப் பின்னுக்குத் தள்ளினோம். ஏற்கெனவே புதைத்த குழாய்களைப் பெயர்த்தோம்.

எல்லாம் முடிந்த பிறகு வாசலில் மூன்று டிராக்டர் வண்டிக் குப்பை கிடந்தது. அவர் அதன் அருகில் நின்று, கோபம் இல்லாமல், கணக்குக் கேட்பவரைப்போல என்னைப் பார்த்து, “ஏனுங்க ஐயா, இதுக்கும் நான்தானுங்களே காசு கொடுத்தேன்?” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. பூச்சு வேலைக்கு வைத்திருந்த பணம் அந்தக் குவியலில் போய்விட்டது. அந்தக் குடும்பம் இரண்டு ஆண்டுகள் பூசாத சுவர்களுக்கு நடுவே வாழ்ந்தது. மழைக்காலத்தில் மேற்குச் சுவர் ஓதம் காத்தது. அன்று முதல், ஒரு கோடு வரைவதற்கு முன் பத்துக் கேள்வி கேட்பது என்ற வழக்கத்தை மேற்கொண்டேன். கீழே நான் சொல்பவை பெரும்பாலும் அந்தக் கேள்விகளிலிருந்து பிறந்தவையே.

முதற்கேள்வி, பொருளின் அளவு என்ன என்பது. அறையின் அளவை முதலில் முடிவு செய்து, பொருளை அதற்குள் அடக்க முயல்கிறோம். பொருளின் அளவை அறிந்து அறையை வரைந்தால் வெட்டு குறையும். வெட்டு குறைந்தால் துண்டு குறையும்.

செங்கல்லை எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்துக் காளவாய்களில் வரும் கல் ஒன்றுபோல் இராது. இந்தியத் தர நிர்ணயம் கூறும் அளவு 19 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம், 9 சென்டிமீட்டர் உயரம். கலவையோடு சேர்த்தால் 20, 10, 10 என்று கணக்கு அழகாக வரும். ஆனால் நம்மிடம் வருவது பெரும்பாலும் ஒன்பது அங்குல நாட்டுக்கல். ஆதலால் வரைபடம் போடுமுன் எந்தக் காளவாயில் கல் வாங்கப்போகிறோமோ அங்கே சென்று, இருபது கல்லை வரிசையாக அடுக்கி அளந்து, இருபதால் வகுத்துச் சராசரி அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரை மணி நேர வேலை. அதன் பயனைப் பாருங்கள். கல்லின் உயரம் மூன்று அங்குலம், கலவை அரை அங்குலம் என்று கொள்வோம். ஒரு வரிக்கு மூன்றரை அங்குலம். லிண்டல் மட்டம் ஏழடி, அதாவது 84 அங்குலம். 84ஐ மூன்றரையால் வகுத்தால் 24 வரிகள் சரியாக வருகின்றன. ஜன்னலின் அடிமட்டத்தை மூன்றடி, அதாவது 36 அங்குலம் என்று குறித்தால் பத்து வரிக்குமேல் ஓர் அங்குலம் மிஞ்சும். அதை நிரப்பக் கொத்தனார் கல்லைச் சீவுவார். அல்லது கலவையைத் தடிப்பாக வைப்பார். 35 அங்குலம் என்று குறித்துவிட்டால் பத்து வரி, வெட்டே இல்லை. வரைபடத்தில் ஓர் எண்ணை மாற்றினோம். வீட்டிலுள்ள ஒவ்வொரு ஜன்னலின் கீழும் கல் முழுதாக நிற்கிறது.

ஹாலோ பிளாக் என்னும் உட்குழிவுக் கற்களால் கட்டுவோருக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். பதினாறு அங்குல நீளமும் எட்டு அங்குல உயரமும் உள்ள கல்லை உடைத்தால் அரைக்கல் நேராக வருவதில்லை, பெரும்பாலும் சிதறிவிடும். சுவரின் நீளத்தையும், கதவுக்கும் ஜன்னலுக்கும் இடையே நிற்கும் சுவர்த் துண்டையும் எட்டு அங்குல மடங்குகளாக வைத்து, வார்ப்படமாக வரும் அரைக்கல்லையும் சேர்த்து வாங்கினால் உடைக்க வேண்டிய தேவையே எழாது.

தரை ஓட்டுக்கு வருவோம். ‘இரண்டுக்கு இரண்டு’ என்று கடையில் விற்கும் ஓடு உண்மையில் 60 சென்டிமீட்டர். இரண்டடி என்பது ஏறக்குறைய 61 சென்டிமீட்டர். வெறுஞ்சுவருக்குள் பத்தடிக்குப் பத்தடியாக ஓர் அறை இருக்கிறது என்று கொள்ளுங்கள். பத்தடி என்பது ஏறக்குறைய 305 சென்டிமீட்டர். இருபுறத்துப் பூச்சும் சுவரடி ஓடும் நாலு சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும். மீதி 301. அதில் ஐந்து ஓடு, இடைவெளியோடு, கச்சிதமாக அடங்கும். அறைக்கு 25 ஓடு, வெட்டு இல்லை. இப்போது, “ஒரு அரையடி கூட்டிப் போடுங்கள்” என்று வீட்டுக்காரர் சொல்கிறார். பத்தரை அடி ஆகிறது. ஒவ்வொரு வரிசையிலும் 15 சென்டிமீட்டர் இடைவெளி மிஞ்சுகிறது. கைப்பழக்கம் உள்ளவர் ஓர் ஓட்டில் மூன்று நான்கு பட்டை எடுப்பார். அவசரக்காரர் வரிசைக்கு ஓர் ஓட்டை வெட்டுவார்; 30 ஓடு வாங்கி, ஐந்து ஓட்டில் முக்கால் பங்கைத் தூக்கி எறிவார். அந்த அரையடி, படுக்கும் கட்டிலுக்கும் பயன்படவில்லை. வைக்கும் பீரோவுக்கும் பயன்படவில்லை.

இங்கே மனையடி பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். நம் பக்கத்தில் மனையடி பார்க்காமல் வீடு கட்டுவோர் குறைவு. 6, 8, 10, 11, 16, 17, 20 அடி என்ற உள்ளளவுகளை நல்லவை என்று சொல்வார்கள். நம்பிக்கை பற்றி நான் வழக்காட வரவில்லை. பொறியாளன் என்ற முறையில் இரண்டு வேண்டுகோள் மட்டும் உண்டு. முதலாவது, மனையடி பார்ப்பவரை அழைப்பதானால் வரைபடத்துக்கு முன்பே அழையுங்கள். சுவர் எழும்பிய பிறகு அழைத்து, அவர் சொன்ன ஆறு அங்குலத்துக்காகச் சுவரை இடித்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன். இரண்டாவது, அவர் சொல்லும் நல்ல அளவுகளுள் 8, 10, 16, 20 ஆகியவை இரண்டடி ஓட்டுக்கு ஒத்துவரும். 11, 17 ஒத்துவாரா. நல்ல எண்களுக்குள்ளேயே சிக்கனமான எண்ணைத் தேர்ந்துகொள்ள எந்தச் சாத்திரமும் தடை சொல்லாது.

அடுத்தது கம்பி. ஆலையிலிருந்து வரும் கம்பியின் நீளம் பொதுவாக 12 மீட்டர். ஒரு தளத்துக்கு 3.4 மீட்டர் துண்டுகள் வேண்டும் என்று கொள்வோம். ஒரு கம்பியில் மூன்று துண்டு எடுத்தால் 10.2 மீட்டர் போக, 1.8 மீட்டர் மிஞ்சும். இவ்வாறு 40 கம்பியை வெட்டினால் 72 மீட்டர் மிச்சம். பத்து மில்லிமீட்டர்க் கம்பி மீட்டருக்கு 617 கிராம் ஆதலால், ஏறத்தாழ 44 கிலோ இரும்பு மூலையில் கிடக்கும். பிறகு பழைய இரும்புக் கடைக்குப் பழைய இரும்பு விலையில் போகும். புத்திசாலித்தனமான வரைபடத்தில் அந்த 1.8 மீட்டருக்கு முன்கூட்டியே வேலை கொடுத்திருப்பார்கள். 1.2 மீட்டர் அகலமுள்ள ஜன்னலின் மேல் போடும் தனி லிண்டலுக்கு, இருபுறமும் 15 சென்டிமீட்டர் தாங்கலோடு, 1.5 மீட்டர் ஆகிறது. முனை வளைப்பையும் சேர்த்தால் 1.8 மீட்டருக்குள் முடிந்துவிடும். ஜன்னலை 1.5 மீட்டர் அகலமாக வரைந்திருந்தால் அந்தத் துண்டு உதவாது. புதுக் கம்பியை வெட்ட வேண்டும். ஆகவே, எந்தக் கம்பியை எங்கே வெட்டி, மிச்சத்தை எங்கே வைப்பது என்று காட்டும் கம்பிப் பட்டியலை, கம்பி வாங்கும் முன்பே பொறியாளரிடம் கேட்டு வாங்குங்கள். அது ஒரு தாள்தான். ஆனால், அதன் பயன் பல ஆயிரம் ரூபாய்.

மண்ணைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் பல இடங்களில் சில அடி ஆழத்திலேயே பாறையோ கெட்டிச் சுக்கானோ தட்டுப்படும். சில இடங்களில் கரிசல் ஆழமாகப் போகும். மண்ணைச் சோதிக்காமல் எல்லா வீட்டுக்கும் ஒரே ஆழம் என்று வரைந்தால், ஓரிடத்தில் வீணாகப் பாறையை உடைப்போம். மற்றோரிடத்தில் போதாமல் சுவர் வெடிக்கும். தோண்டிய மண்ணும் கல்லும் எங்கே போகும் என்பதும் வரைபடத்தில் முடிவாக வேண்டும். 80 சதுர மீட்டர்த் தரையுள்ள வீட்டுக்கு 60 சென்டிமீட்டர் உயரத்தில் பேஸ்மட்டம் எழுப்பினால், உள்ளே நிரப்ப 48 கன மீட்டர் மண் வேண்டும். கடைக்கால் தோண்டியதில் மிஞ்சும் மண் இதில் எவ்வளவு நிரப்பும் என்று கணக்கிட்டு உயரத்தைத் தீர்மானிக்கலாம். தெருவில் எதிர்வீட்டுக்காரர் உயர்த்திவிட்டார் என்பதற்காக நாமும் 90 சென்டிமீட்டர் ஆக்கினால், மேலும் 24 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய எட்டரை யூனிட் மண் வெளியிலிருந்து வர வேண்டும். அது எங்கேயோ ஒரு ஏரியின் வயிற்றிலிருந்தோ, ஒரு காட்டின் மேல்மண்ணிலிருந்தோ வெட்டியெடுத்த மண்தான். மழைநீர் எந்த மட்டம் வரை வரும் என்று பார்த்து உயரத்தை வையுங்கள். எதிர்வீட்டைப் பார்த்து வைக்காதீர்கள்.

குழாயும் மின்கம்பியும் வரைபடத்தில் இடம்பெறாத உறவினர்கள். சுவர் கட்டி முடிந்த பிறகு மின்வேலைக்காரர் வந்து, புதுச் சுவரில் காடி வெட்டுகிறார். அவர் போன பிறகு குழாய் வேலைக்காரர் வந்து மற்றொரு பக்கம் வெட்டுகிறார். இருவரும் போன பிறகு கொத்தனார் வந்து இரு காடிகளையும் அடைக்கிறார். மூன்று பேருக்கும் நாம் கூலி கொடுக்கிறோம். விளக்கு எங்கே, விசிறி எங்கே, குழாய் எங்கே என்று தொடக்கத்திலேயே குறித்து, சமையலறையையும் குளியலறையையும் ஒரே சுவரின் இருபுறமும் வைத்துவிட்டால், குழாயின் நீளமும் குறையும், வெட்டும் குறையும்.

நாமக்கல் மலையைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைவு வரும். அந்த ஒற்றைப் பாறையில் எட்டாம் நூற்றாண்டளவில் அதியர் குலத்தார் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் குடைவரைகள் எடுத்தார்கள். குடைவரைச் சிற்பிக்கு ஒரு நிர்ப்பந்தம் உண்டு. தூண் நிற்க வேண்டிய இடத்தை உளியால் கொத்திவிட்டால் அங்கே மீண்டும் தூணை ஒட்டவைக்க முடியாது. முதல் உளி விழுமுன்பே தூண், சுவர், சிற்பம் அத்தனையும் அவன் மனத்தில் முடிந்திருக்க வேண்டும். செங்கல்லும் சிமெண்ட்டும் நமக்குக் கிடைத்த பிறகு, எதையும் உடைத்து மீண்டும் கட்டிக்கொள்ளலாம் என்ற துணிவு வந்துவிட்டது. அந்தத் துணிவுக்கு நாம் கொடுக்கும் விலைதான் ஓடைக்கரைக் குவியல்.

பொருளைக் குறைவாகப் பயன்படுத்தும் முறையையும் வரைபடத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். இதற்குச் சிறந்த முன்னோடி லாரி பேக்கர். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 1917ஆம் ஆண்டு பிறந்த அவர், இந்தியாவுக்கு வந்து, கேரளத்தைத் தம் இடமாக்கிக்கொண்டு, 2007ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் மறைந்தார். கட்டடப் பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தியடிகள் தமக்குச் சொன்னதாக அவர் நினைவுகூர்வதுண்டு. அவர் பரப்பிய முறைகளுள் ஒன்று எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கவைக்காமல் ஒருக்களித்து நிறுத்திக் கட்டுவது அது. சுவரின் நடுவே அறை அறையாக வெற்றிடம் நிற்கும். அதே ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். வெற்றிடத்தில் நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுப்பதால், சித்திரை வெயிலில் காயும் நம் சமவெளிக்கு அது மிகவும் பொருந்தும்.

மற்றொன்று நிரப்புத் தளம். கூரைத் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்குள்ள கான்கிரீட்டுக்கு வேலை குறைவு. அந்த இடத்தில் கம்பிகளுக்கு இடையே மங்களூர் ஓடுகளைப் பதித்துத் தளம் போடலாம் என்று அவர் காட்டினார். பழைய ஓடு, விளிம்பு உடைந்த ஓடு ஆகியவையும் அதற்கு உதவும். ஒரு வீட்டின் கழிவு மற்றொரு வீட்டின் கூரைக்குள் குடியேறுகிறது. ஆனால், இவ்விரண்டு முறைகளையும் பாதி வேலையில் புகுத்த முடியாது என்பதை மறக்கலாகாது. சுவரின் நீளம், மூலை, வாசல், கம்பியின் இடைவெளி யாவும் தொடக்கத்திலேயே அதற்கென வரையப்பட வேண்டும். தகுதியுள்ள பொறியாளர் கணக்கிட வேண்டும்.

நமக்கு அருகிலேயே கிடைக்கும் கழிவும் உண்டு. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பல் செங்கல்லாக மாறுகிறது. வயலின் மேல்மண்ணைச் சுட்டுக் கல்லாக்குவதைவிட இது மேலானது. அச்சில் வார்ப்பதால் அளவும் ஒன்றுபோல் இருக்கும். மேலே சொன்ன வரிக் கணக்குப் பிசகாது.

பெரிய கட்டடங்களில் வேறொரு வழி இருக்கிறது. சுவரையும் தளத்தையும் தொழிற்கூடத்தில் அச்சில் வார்த்து, மனைக்குக் கொண்டுவந்து பொருத்துவது அது. சென்னைப் பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் திட்டத்தின்படி 1,152 வீடுகள் இம்முறையில் எழுந்தன. 2021ஆம் ஆண்டு தொடங்கிய அந்தக் குடியிருப்பு 2022 மே மாதம் திறந்துவைக்கப்பட்டது. அச்சில் வார்க்கும் சுவரில் வாசலை மறந்துவிட்டுப் பிறகு வெட்ட முடியாது. ஆகவே, எல்லா முடிவும் வார்ப்பதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். அந்தக் கட்டாயமே கழிவைக் குறைக்கிறது. குடைவரைச் சிற்பியின் ஒழுக்கம் மீண்டும் வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

பிரிட்டனில் இத்துறையை ஆராய்ந்தவர்கள் வடிவமைப்பிலேயே கழிவைத் தவிர்க்க ஐந்து வழிகளைத் தொகுத்துக் கூறினார்கள். பழைய பொருளை மீண்டும் பயன்படுத்துதல், மனைக்கு வெளியே செய்து கொண்டுவருதல், பொருளை அளவோடு பயன்படுத்துதல், வீணாகாதபடி கொள்முதல் செய்தல், பின்னாளில் மாற்றவும் பிரிக்கவும் ஏற்றபடி கட்டுதல் என்பவை அவை. படித்தபோது என் பாட்டனாரின் வீடு நினைவுக்கு வந்தது. ஐந்தில் நான்கை அந்த வீடு அறிந்திருந்தது.

இறுதியாகச் சொன்ன வழி, அதாவது பிரிப்பதற்கு ஏற்றபடி கட்டுவது, நம்மில் பலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். கட்டும்போதே இடிப்பதைப் பற்றிப் பேசுவது அபசகுனம் அல்லவா என்று கேட்பார்கள். மாடிக்கு இடம் விட்டு வையுங்கள். மகன் குடும்பம் பெருகும்போது ஓர் அறையை இரண்டாக்கும்படி ஜன்னல்களை வையுங்கள். சுமை தாங்காத தடுப்புச் சுவரைச் சுண்ணாம்புக் கலவையில் கட்டுங்கள் என்றுதான் நான் சொல்கிறேன். வீடு வளர்ந்து மாறும் என்பதை ஒப்புக்கொள்வது சகுனத் தடை ஆகாது.

சட்டமும் இதைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. 2016ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட கட்டட, இடிபாட்டுக் கழிவு விதிகள், ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ, ஒரு மாதத்தில் ஒரு திட்டத்துக்கு 300 டன்னுக்கு மேலோ கழிவு உண்டாக்குவோர், அதைப் பிரித்து வைத்து, அகற்றும் திட்டத்தை முன்கூட்டியே உள்ளாட்சியிடம் தர வேண்டும் என்றன. அவற்றுக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டு வெளியான புதிய விதிகள், 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வரும்படி அமைந்தன. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்களின் உரிமையாளர்மீது அவை கூடுதல் பொறுப்பைச் சுமத்துகின்றன. இடிபாட்டை அரைத்து ஜல்லியாக்கும் ஆலை 2009ஆம் ஆண்டே டில்லி புராரியில் தொடங்கியது. அவ்வாறு கிடைக்கும் ஜல்லியை இரும்பு வைத்த கான்கிரீட்டிலும் ஐந்தில் ஒரு பங்குவரை, உரிய தர வரம்புக்குள், சேர்க்கலாம் என்று 2016ஆம் ஆண்டின் தர நிர்ணயம் இடம் கொடுத்தது.

இவையெல்லாம் நல்லவையே. ஆயினும், சட்டம் பெரிய கட்டடத்தைப் பார்க்கிறது. நம் சமவெளியில் ஊருக்கு ஊர் எழும் எண்ணூறு சதுர அடி, ஆயிரம் சதுர அடி வீடுகளை எந்த விதியும் வந்து எட்டிப் பார்ப்பதில்லை. அந்தச் சிறு வீடுகளின் சிறு குவியல்கள் சேர்ந்துதான் ஓடையை அடைக்கின்றன. ஓடை அடைபட்டால் ஏரிக்கு நீர் போகாது. ஏரி நிரம்பாவிட்டால் கிணறு ஊறாது. திருச்செங்கோட்டு வண்டியை அழைத்து ஆயிரம் அடி துளைத்தாலும் புகைதான் வரும். நாம் கொட்டிய செங்கல் துண்டு, நம் கிணற்றின் வாயிலேயே வந்து விழுகிறது.

வீடு கட்டப்போகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொறியாளரிடம் “சதுர அடிக்கு என்ன விலை?” என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். இந்த அளவுக்கு எத்தனை கல் வெட்ட நேரும், கம்பியில் எவ்வளவு மிஞ்சும், தோண்டிய மண் எங்கே போகும், என்னிடமுள்ள பழைய நிலையையும் கதவையும் எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். வீட்டிலுள்ள முதியவர்களையும் பெண்களையும் உட்காரவைத்து, வரைபடத்தை விரித்துக் காட்டுங்கள். அது புரியவில்லை என்றால், மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அறைக்குள் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுப்படியில் நிற்பவருக்குத்தான் ஜன்னல் எங்கே வேண்டும் என்பது தெரியும். சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழித்து மாற்றி வரைய ஒரு காசும் செலவில்லை. அதற்காக ஒரு மாதம் கூடுதலாக ஆனாலும் ஆகட்டும்.

அந்த லாரி ஓட்டுநரின் வீட்டுக்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு சென்றேன். மேலே அறை எடுக்க என்னையே அழைத்திருந்தார். இம்முறை அவருடைய வீட்டார் அனைவரோடும் மொட்டை மாடியில் கோடு போட்டு, மூன்று மாலை பேசினோம். மாடி கட்டி முடிந்தபோது வாசலில் மிஞ்சியது ஒரு சாந்துச் சட்டி அளவுத் துண்டுக் கற்கள். அதையும் அவர் தென்னம்பிள்ளையைச் சுற்றிப் பாத்தி கட்ட எடுத்துக்கொண்டார்.